போசணைப் பதிவும் பொதுச்சொற்களும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சிக்கு வரும் மாணவர்கள், வாட்டுத் தாதியர், கிளினிக்கில் பக்கத்து மேசையில் இருக்கும் இளம் டொக்டர்மார் என்று பலர் என்னிடம் கேட்டவை இவை. திருகோணமலையில் டயட்டீஷியனாக வேலை செய்யும் ஒருத்தியின் பதில்கள் என்பதால் உதாரணங்கள் நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தவையாகவே இருக்கும். நோயாளிகளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போசணைப் பதிவில் பொதுச்சொற்கள் என்றால் என்ன?

ஒரு நோயாளியின் சாப்பாட்டில் என்ன பிரச்சினை, அது எதனால் வந்தது, நாங்கள் என்ன செய்தோம், அதனால் என்ன மாறியது என்பதை எழுத எல்லோரும் ஒரே பொருளில் எடுத்தாளும் சொற்களின் தொகுதி அது. ஒவ்வொரு சொல்லுக்கும் வரைவிலக்கணம் உண்டு. அந்தப் பிரச்சினைக்கு வரக்கூடிய காரணங்களும் கண்டறியும் அடையாளங்களும் அதனுடன் சேர்த்தே தரப்பட்டிருக்கும்.

அப்படி ஒன்று இல்லாதபோது என்ன எழுதுகிறோம்? "சாப்பாடு குறைவு." யாரைவிடக் குறைவு? நேற்றைவிடவா, தேவையைவிடவா, பக்கத்துக் கட்டில்காரரைவிடவா? காலையில் நான் எழுதியதை இரவு வேலைக்கு வரும் தாதி ஒரு விதமாகவும், கண்டிக்கு மாற்றினால் அங்குள்ள டயட்டீஷியன் இன்னொரு விதமாகவும் விளங்கிக்கொள்வார்கள். நோயாளி மட்டும் அதே நோயாளியாக இருப்பார்.

இதை உருவாக்கியவர்கள் யார்?

அமெரிக்க டயட்டெட்டிக் சங்கம் 2003இல் போசணைப் பராமரிப்புச் செயன்முறை என்ற நான்கு படி முறையை ஏற்றுக்கொண்டது. மதிப்பீடு, போசணைப் பிரச்சினை நிர்ணயம், தலையீடு, கண்காணிப்பும் மீள்மதிப்பீடும் என்பவை அந்த நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் உரிய சொற்களைச் சேர்த்துக் கையேடாக வெளியிட்டார்கள். அந்தச் சங்கம் 2012இல் அகடமி ஒஃப் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸ் என்று பெயர் மாறியது. 2014இலிருந்து கையேடு அச்சிலிருந்து இணையத்துக்குப் போய்விட்டது. என்.சி.பி.டி. (போசணைப் பராமரிப்புச் செயன்முறைச் சொற்தொகுதி) என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது இதைத்தான். முழுத் தொகுதியையும் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும்.

பிரித்தானிய டயட்டீஷியன்மார் ஆறு படிகள் கொண்ட தங்கள் சொந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். படிகளின் எண்ணிக்கை வேறு என்றாலும், போசணைப் பிரச்சினைக்குத் தனியாகப் பெயரிட வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

டொக்டர் ஏற்கெனவே நோயைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். பிறகு எங்களுக்கு ஏன் தனியாக ஒரு நிர்ணயம்?

டொக்டர் எழுதுவது நோய். நாங்கள் எழுதுவது, அந்த நோயோடு வாழும் மனிதரின் உணவில் எங்களால் தீர்க்கவோ குறைக்கவோ கூடிய பிரச்சினை. "இரண்டாம் வகை நீரிழிவு" என்பது எங்களுடைய நிர்ணயம் அல்ல. நீரிழிவுள்ள பத்துப் பேருக்குப் பத்து விதமான உணவுப் பிரச்சினை இருக்கலாம். ஒருவர் சோற்றைக் குவித்துச் சாப்பிடுகிறார். இன்னொருவர் சீனி ஏறிவிடும் என்று பயந்து சாப்பிடாமலே மெலிந்து போகிறார். இருவருக்கும் "டயபெட்டிக் டயட்" என்று ஒரே வரியை எழுதினால் இரண்டாமவரை நாங்களே பட்டினி போடுகிறோம்.

என்.சி.பி.டி.யில் போசணைப் பிரச்சினைகள் மூன்று பெரும் பிரிவில் வருகின்றன. உள்ளெடுத்தல் சார்ந்தவை, அதாவது எதை எவ்வளவு சாப்பிடுகிறார், குடிக்கிறார் அல்லது குழாய்வழி பெறுகிறார் என்பது. உடல்நிலை சார்ந்தவை: விழுங்கச் சிரமம், முயலாமலே வரும் எடை இழப்பு போன்றவை. மூன்றாவது, நடத்தையும் சூழலும் சார்ந்தவை: அறிவுக் குறைவு, உணவு கிடைக்காமை, சமைக்க முடியாமை. ஒரே நோயாளிக்கு உள்ளெடுத்தல் பிரிவிலிருந்தும் வேறொரு பிரிவிலிருந்தும் பொருத்தமான சொல் கிடைக்குமானால், உள்ளெடுத்தல் பிரிவிலிருந்து எடுப்பதே நல்லது. நாங்கள் நேரடியாகக் கைவைத்து மாற்றக்கூடியது அதுதான்.

பி.ஈ.எஸ். கூற்று என்கிறார்களே, அதை எப்படி எழுதுவது?

பிரச்சினை, காரணி, அடையாளம் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோர்ப்பதுதான் பி.ஈ.எஸ். பிரச்சினைக்குரிய சொல்லைத் தொகுதியிலிருந்து எடுக்கிறோம். காரணியை நோயாளியிடமிருந்து அறிகிறோம். அடையாளம் என்பது அளந்ததாகவோ கண்டதாகவோ நோயாளி சொன்னதாகவோ இருக்கும். "இன்ன பிரச்சினை, இன்ன காரணத்தால், இன்ன இன்ன அடையாளங்களால் தெரிகிறது" என்று முடியும்.

கேட்க இலகுவாக இருக்கும். நான் பிழைவிட்ட ஒரு கதையைச் சொல்கிறேன், எங்கே கஷ்டம் என்று விளங்கும்.

நிலாவெளிப் பக்கத்து மீன்பிடித் தொழிலாளி ஒருவர், ஐம்பது தாண்டியவர். காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், ஒவ்வொரு முறையும் எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதத்து இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை) ஒன்பது வீதத்துக்கு மேல். அவருடைய கிளினிக் கொப்பியில் என் கையெழுத்தில் மூன்று இடத்தில் ஒரே வரி இருந்தது: "உணவு ஆலோசனை வழங்கப்பட்டது." நாலாவது முறை கொஞ்சம் திருந்தி, பொதுச்சொல்லில் எழுதினேன்: "உணவு, போசணை சார்ந்த அறிவுக் குறைவு." அதற்குக் குறியீடும் உண்டு, என்.பி.-1.1. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பிழை.

அன்றைக்குக் கிளினிக்கில் சனம் குறைவு. "ஐயா, பின்னேரம் நாலு மணியிலயிருந்து விடியும் வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீங்க, ஒண்டுவிடாமச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அப்போதுதான் வந்தது. ஐந்து மணிக்கு ஊசி போட்டு, கொஞ்சச் சோறு தின்றுவிட்டு வள்ளத்தில் ஏறுகிறார். ஒரு இரவு நடுக்கடலில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டு, வலையைப் பிடிக்க முடியாமல் விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய ரின்பால் தேத்தண்ணியும் நாலு பணிசும் இல்லாமல் கடலுக்குப் போவதில்லை. அரை ரின் பால் ஒரு இரவில் முடியும். ரின்பாலில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 55 கிராம் காபோவைதரேற்று. அரை ரின்னிலேயே நூறு கிராமுக்கு மேல் போய்விடுகிறது, பணிஸ் தனி.

"மிஸ், சீனி கூடினா ஆஸ்பத்திரிக்கு வரலாம். கடல்ல வச்சு இறங்கினா ஆர் வாறது?" என்று கேட்டார்.

அவருக்கு அறிவு குறையவில்லை. என்னைவிடத் தெளிவாகக் கணக்குப் போட்டிருந்தார். அவருடைய கூற்று இப்படி மாறியது: காபோவைதரேற்று அளவுக்கு மிஞ்சிய உள்ளெடுத்தல், கடலில் இரத்தச் சீனி இறங்கிவிடும் என்ற பயத்தாலும், மாலை ஊசியின் நேரம் இரவு வேலையோடும் உணவோடும் பொருந்தாததாலும், இரவில் ரின்பாலும் பணிசுமாக 200 கிராமுக்கு மேற்பட்ட காபோவைதரேற்று எடுப்பது, எச்.பி.ஏ.1.சி. 9.4, ஒருமுறை கடலில் மயங்கியதாகச் சொல்வது ஆகியவற்றால் தெரிகிறது.

காரணி மாறியதும் செய்ய வேண்டிய வேலையும் மாறியது. இன்னொரு துண்டுப்பிரசுரம் தேவைப்படவில்லை. தொகுதியில் "பராமரிப்பை ஒருங்கிணைத்தல்" என்று ஒரு தலையீட்டுப் பிரிவு உண்டு. அதன்கீழ் டொக்டருக்கு எழுதி, ஊசியின் வகையையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கக் கேட்டேன். கடலுக்குக் கொண்டுபோக 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலங்களும், போகமுன் சரியான அளவில் ஒரு சாப்பாடும் பேசி முடிவு செய்தோம். மூன்று வருகைக்கு "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதிய கை என்னுடையது. அந்த வரியில் அவருடைய பயத்துக்கு இடமே இருக்கவில்லை.

காரணியைச் சரியாகக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

தொகுதியில் காரணிகளைப் பத்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: நம்பிக்கையும் மனப்பாங்கும், பண்பாடு, அறிவு, உடற்செயற்பாடு, உடற்தொழிலும் அனுசேபமும், உளநிலை, சமூகமும் தனிவாழ்வும், சிகிச்சை, கிடைக்கும் வசதி, நடத்தை. "அறிவு" என்று எழுதப் பேனை எடுக்கும்போதெல்லாம் மற்ற ஒன்பதையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் வற்புறுத்துவேன். அறிவுக் குறைவு என்று எழுதுவது எங்களுக்கு வசதி, ஏனென்றால் பழி நோயாளியின் தலையில் விழுகிறது.

எழுதி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிரச்சினையை டயட்டீஷியனால் தீர்க்கவோ குறைக்கவோ முடியுமா? நான் எழுதிய காரணிதான் ஆழத்தில் இருக்கும் காரணமா? நான் எழுதிய அடையாளங்களை அடுத்த முறை அளந்தால் பிரச்சினை தீர்ந்ததா இல்லையா என்று தெரியுமா? ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் கூற்றைத் திருப்பி எழுத வேண்டும்.

எங்கள் ஆட்கள் சுண்டு, கோப்பை, அகப்பை என்றுதான் சொல்கிறார்கள். அதை எப்படிப் பதிவது?

முதலில் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். பிறகு அதை அளவாக மாற்றுங்கள். நேரே கிராமுக்குத் தாவினால் பிழை எங்கே விழுந்தது என்று பிறகு தேட முடியாது.

ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஐந்து சுண்டு என்பது வீட்டுக் கணக்கு. ஆகவே ஒரு சுண்டு அரிசி கிட்டத்தட்ட 200 கிராம், அதில் காபோவைதரேற்று மட்டும் 160 கிராம் அளவில் வரும். "நேரத்துக்கு ஒரு சுண்டு போடுறம்" என்று ஒரு அம்மா சொன்னால், எத்தனை பேருக்கு என்று கேட்காமல் விடக்கூடாது. மூன்று பேருக்கு ஒரு சுண்டு என்பதும் ஒருவருக்கு ஒரு சுண்டு என்பதும் வேறு வேறு நோயாளிகள். கோப்பை என்றால் இன்னும் சிக்கல். தம்பலகாமத்து வயல் வீட்டில் கோப்பை என்பது சோறு போடும் பீங்கான். டவுனில் அதே சொல்லுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டுகிறார்கள். என் மேசையில் ஒரு பீங்கான், ஒரு தேத்தண்ணிக் கோப்பை, வெற்று ரின்பால் பேணி, ஒரு அகப்பை, ஒரு மேசைக்கரண்டி வைத்திருக்கிறேன். "இதுல காட்டுங்கோ" என்றால் போதும்.

இருபத்துநாலு மணிநேர உணவு நினைவுகூரல் சரியாக வருவதில்லை. என்ன பிழை?

பல இருக்கலாம். இங்கே நான் அடிக்கடி காண்பது கிழமை பார்க்காமல் கேட்பது. சனிக்கிழமைக் கிளினிக்கில் "நேற்று என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்டால், சைவக் குடும்பங்களில் நேற்று வெள்ளிக்கிழமை, மரக்கறி நாள். பருப்பு, கத்தரிக்காய், கீரை என்று சொல்வார்கள். அதைப் பார்த்து "புரத உள்ளெடுத்தல் போதாது" என்று எழுதிவிடுவோம். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் சூடையோ பாரையோ கணவாயோ இல்லாமல் சோறு இறங்காது. கந்தசஷ்டி, கௌரி விரதக் காலமென்றால் இன்னும் வித்தியாசம். பதிவில் கிழமையையும் விரதமா இல்லையா என்பதையும் எழுதுங்கள், முடிந்தால் இன்னொரு நாளையும் கேளுங்கள்.

பத்தியம், நோன்பு, "சூடு", "குளிர்" இவற்றுக்கெல்லாம் தொகுதியில் இடம் உண்டா?

உண்டு. உணவு வரலாறு என்ற மதிப்பீட்டுப் பிரிவுக்குள் நம்பிக்கைகளும் மனப்பாங்கும் தனியாகப் பதியப்படுகின்றன. பிள்ளை பெற்ற தாய் "மீன் சூடு, சாப்பிடேலாது" என்றால் அங்கே அவ்வாறே எழுதலாம். அது ஒரு தகவல், குற்றச்சாட்டு அல்ல. "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதை நான் முற்றாக விட்டுவிட்டேன். அந்த வரியைப் படிக்கும் அடுத்தவர் நோயாளியைப் பார்க்கு முன்பே அவரோடு கோபித்துக்கொள்கிறார்.

பத்தியம் எப்போதும் எதிரி அல்ல. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கொடுக்கும் சரக்குக் கறியில் மீனோ கோழியோ சேரும் வீடுகள் உண்டு, சேராத வீடுகளும் உண்டு. எதை விலக்குகிறார், எத்தனை நாளைக்கு, அதற்குப் பதில் என்ன சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் கேட்டு எழுதினால்தான் பிரச்சினை இருக்கிறதா இல்லையா என்றே தெரியும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் றமழான் மாதம் வந்தால் நீரிழிவு நோயாளியின் முழு நாளும் தலைகீழாகிறது. சஹருக்கு (விடியுமுன் உணவுக்கு) என்ன சாப்பிட்டார், நோன்பு திறக்கும்போது எத்தனை பேரீச்சம்பழம், கஞ்சி எத்தனை கோப்பை, இரவில் திரும்ப என்ன என்று நேரத்தோடு பதிய வேண்டும். மருந்தின் நேரமும் பக்கத்திலேயே வேண்டும். இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இதை நோன்பு தொடங்க முதலே பேசியதாகப் பதிவில் இருந்தால், அவசரப் பிரிவில் அவரைப் பார்க்கும் டொக்டருக்கும் உதவும்.

"செமி சொலிட்" (அரைத்திட உணவு) என்று எழுதினால் என்ன தவறு?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் உயிர் போகலாம்.

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்பட்ட ஒரு உம்மா. குறிப்பில் "செமி சொலிட் டயட்" என்று மட்டும் இருந்தது. மகள் கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு கட்டிலருகே நின்றா. "டொக்டர் தடிப்பாக் குடுக்கச் சொன்னார். நேர்ஸ் தண்ணியாக் குடுக்கச் சொன்னா. நான் எதக் குடுக்குற மிஸ்?" இருவரும் அதே இரண்டு சொல்லைத்தான் படித்திருந்தார்கள். உம்மா ஒவ்வொரு வாய்க்கும் இருமிக்கொண்டிருந்தா. கஞ்சி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாதான் முடிவு.

இதற்கென்று இன்னொரு பொதுச்சொல் முறை இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுத் தரமாகப் பிரிக்கிறது. 0 என்றால் தண்ணீர். 1, 2, 3 படிப்படியாகத் தடிக்கும் பானங்கள். 4 மசித்த, கட்டியில்லாத கூழ். 5 நன்றாகப் பொடித்து ஈரமாக்கியது, வளர்ந்தவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. 6 மென்மையான சிறு துண்டு, 1.5 சென்ரிமீற்றருக்குள். 7 வழக்கமான உணவு. எந்தத் தரம் என்பதைப் பேச்சு மொழி சிகிச்சையாளரோ விழுங்கலைச் சோதிக்கும் டொக்டரோ முடிவு செய்வார். அந்தத் தரத்தில் கஞ்சி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

பார்ப்பதற்கு ஒரு 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். உள்தண்டைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, வடித்த கஞ்சியைப் பத்தாம் கோடுவரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, பத்து விநாடி எண்ணி, திரும்ப அடையுங்கள். உள்ளே 1 மில்லிலீற்றருக்கும் குறைவாக மிஞ்சினால் தரம் 0. ஒன்றிலிருந்து நாலு மிஞ்சினால் 1, நாலிலிருந்து எட்டு மிஞ்சினால் 2, எட்டுக்கு மேல் மிஞ்சி இன்னும் சொட்டினால் 3. ஒன்றுமே இறங்காவிட்டால் 4 ஆக இருக்கலாம், அதைக் கரண்டியைச் சரித்தும் முள்ளுக்கரண்டியில் தூக்கியும் பார்க்க வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்து வரையான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீற்றராக இருக்கும் சிரிஞ்சே இதற்குச் சரி. எல்லா நிறுவனத்தின் சிரிஞ்சும் ஒரே நீளமல்ல, அளவுகோலால் அளந்து பாருங்கள்.

மகளோடு சேர்ந்து கட்டிலருகிலேயே செய்தோம். அடுப்பிலிருந்து வந்த சூட்டில் தரம் 2. அரை மணித்தியாலம் ஆறியதும் அதே கஞ்சி சிரிஞ்சில் அசையவில்லை. மாப்பொருள் ஆற ஆற இறுகும், வீட்டில் கஞ்சி காய்ச்சும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நாங்கள் யாரும் அதைக் குறிப்பில் எழுதுவதில்லை. மறுபக்கம், எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பப் பாத்திரத்தில் போட்டால் உமிழ்நீரின் நொதியம் மாப்பொருளை உடைத்துக் கஞ்சியைத் தண்ணியாக்கிவிடும். ஆகவே எந்தச் சூட்டில் கொடுக்கிறோமோ அந்தச் சூட்டில் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் வேறு சின்னக் கோப்பையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டையும் குறிப்பில் எழுதினேன். மகள் சிரிஞ்சைக் கழுவித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டா.

சோற்றுக்கு வரும்போது தரம் 5இல் இன்னொரு நிபந்தனை: ஒட்டவும் கூடாது, பருக்கை பருக்கையாக உதிரவும் கூடாது. வெறும் குழைசோறு பசைபோல் ஒட்டும். நல்ல பதத்தில் வெந்த சோற்றை மசித்து, சொதி விட்டுச் சேர்த்துப் பிடித்தால் சரிவரும். பிட்டு உதிரும், இந்தத் தரத்துக்கு வேண்டாம்.

"போசணைக் குறைபாடு" என்று எப்போது எழுதலாம்?

ஆள் மெலிந்திருக்கிறார் என்பது மட்டும் போதாது. வளர்ந்தவர்களுக்கு 2019இல் வெளிவந்த கிளிம் அளவுகோல் இப்போது பலராலும் பின்பற்றப்படுகிறது. உடலில் தெரிவது ஒன்றாவது வேண்டும்: ஆறு மாதத்துக்குள் ஐந்து வீதத்துக்கு மேல் எடை இழப்பு, அல்லது குறைந்த பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் சுட்டி), அல்லது தசை குறைதல். காரணமாக அமைவது ஒன்றாவது வேண்டும்: உள்ளெடுத்தல் குறைந்திருத்தல் அல்லது உறிஞ்சல் கோளாறு, அல்லது நோயால் வரும் அழற்சி. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. எல்லை வேறு: எழுபது வயதுக்குக் கீழே 18.5, எழுபதும் அதற்கு மேலும் என்றால் 20.

எழுந்து நிற்க முடியாதவரை எப்படி நிறுப்பது என்று உடனே கேட்பீர்கள். மேற்கைச் சுற்றளவை அளவுநாடாவால் எடுங்கள். 23.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பி.எம்.ஐ. 20க்குக் கீழே இருக்க வாய்ப்பு உண்டு. எடை இழப்பைக் கேட்கும்போது "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்றால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். சாரத்தை எத்தனை மடிப்பு மடித்துக் கட்டுகிறார், சட்டைக் கை எவ்வளவு தளர்ந்தது, காப்பு முழங்கைவரை ஏறுகிறதா என்று கேட்டால் தெரியும். அதையும் எழுதலாம், ஆனால் அளவை மாற்றீடு செய்ய அல்ல, அளவோடு சேர்த்து.

குழந்தைகளுக்கு இந்த அளவுகோல் அல்ல. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு, 11.5இலிருந்து 12.5க்குள் என்றால் நடுத்தரம். உயரத்துக்கேற்ற எடையையும் சேர்த்துப் பாருங்கள். திரிபோஷ (அரசு இலவசமாகக் கொடுக்கும் போசணை மா) கிடைத்தும் பிள்ளையின் எடை கூடவில்லை என்று குடும்பநல உத்தியோகத்தர் அனுப்பினால், அந்தப் பக்கற் வீட்டில் எத்தனை வாய்க்குப் பிரிகிறது என்று மெதுவாகக் கேளுங்கள். காரணி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தாயைக் கூசச் செய்யாமல் கேட்பதும் எங்கள் தொழில்தான்.

பிரச்சினை எதுவுமே இல்லாவிட்டால்?

"தற்போது போசணைப் பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதவும் தொகுதியில் ஒரு சொல் உண்டு. அதைத் தயங்காமல் எழுதுங்கள். இல்லாததைத் தேடிக் கூற்று எழுதுவது பதிவை நிரப்புமே தவிர நோயாளிக்கு உதவாது.

குறியீட்டு எண்களைக் கட்டாயம் எழுத வேண்டுமா?

கையால் எழுதும் கொப்பியில் வேண்டியதில்லை, சொல் சரியாக இருந்தால் போதும். கணினிப் பதிவு வரும் இடத்தில் குறியீடுகளுக்கு வேலை இருக்கிறது. ஸ்னோமெட் சி.டி. போன்ற மருத்துவச் சொல் தொகுதிகளோடு போசணைச் சொற்களையும் இணைத்திருக்கிறார்கள், எண்ணிப் பார்க்கவும் தேடவும் அது உதவும்.

தமிழில் பதியலாமா, ஆங்கிலத்திலா?

எங்கள் மாவட்டத்தில் ஒரே வாட்டில் மூன்று கட்டிலில் மூன்று பேச்சு கேட்கும். பதவிசிறிபுரவிலிருந்து சிறுநீரக நோயோடு வருபவர் சிங்களத்தில் சொல்வார், பக்கத்தில் மூதூர்த் தமிழ், அடுத்தது டவுன் தமிழ். நோயாளி எந்த வைத்தியசாலைக்கு மாறினாலும் படிக்கப்பட வேண்டும் என்பதால் நிர்ணயச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அதை மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் காரணியின் உயிர் நோயாளியின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. "வயிறு பொருமுது", "வாய் கைக்குது", "நெஞ்சு கரிக்குது", "அரோசிக்குது" என்பவை நாலும் நாலு விதம். எல்லாவற்றையும் "பசியின்மை" என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்தால் நாலு நோயாளிகள் ஒருவராகிவிடுகிறார்கள். வாய் கைக்கிறது என்றால் மருந்தையோ சிறுநீரகத்தையோ பார்க்க வேண்டும், நெஞ்சு கரிக்கிறது என்றால் வேறு பாதை. நான் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் ஆங்கில விளக்கம் கொடுக்கிறேன். நோயாளியின் கையில் கொடுக்கும் தாள் முழுக்க அவருடைய மொழியில் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. இவ்வளவையும் எப்படி எழுதுவது?

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஒரு நோயாளிக்கு ஒரு கூற்று, மிஞ்சினால் இரண்டு. இருக்கும் பிரச்சினைகளில் இன்று மாற்றக்கூடியது எது என்று தெரிந்து அதை மட்டும் எழுதுங்கள். நான் கொப்பியின் உள்ளட்டையில் அடிக்கடி தேவைப்படும் பதினைந்து சொற்களை ஒட்டி வைத்திருக்கிறேன்: வாய்வழி உள்ளெடுத்தல் போதாமை, முயலாமலே வரும் எடை இழப்பு, விழுங்கச் சிரமம், காபோவைதரேற்று மிகை என்று போகும். இங்கே வரும் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் பதினைந்துக்குள் சொல் கிடைத்துவிடுகிறது.

அடுத்த வருகையில் எங்கே தொடங்குவது?

சென்ற முறை எழுதிய அடையாளத்தில். "ரின்பால் இரவுக்கு அரை ரின்" என்று எழுதியிருந்தால், முதல் கேள்வி அதுதான். குறைந்ததா, அப்படியேயா, கூடியதா என்று எழுதி, பிரச்சினை தொடர்கிறது அல்லது தீர்ந்தது என்று குறியுங்கள். தொடர்ந்தால் ஆலோசனையைத் திரும்பச் சொல்லுமுன் காரணியைத் திரும்பிப் பாருங்கள்.

அந்த நிலாவெளிக்காரர் அடுத்த முறை வந்தபோது பிளாஸ்க் சின்னதாகியிருந்தது. அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திறந்து மணந்து பார்த்தேன், வெறும் தேத்தண்ணி. ரின்பால் இரவுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றார், கடலில் சீனி இறங்கவில்லை என்றார். அப்படியே எழுதினேன். எச்.பி.ஏ.1.சி.க்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது, அதனால் "தொடர்கிறது" என்றே குறித்தேன்.